இல்லத்துக்கு ஒரு வானொலி

ஐப்பசி பிறந்துவிட்டால் திருச்சி காந்தி மார்க்கெட்டின் முகமே மாறிவிடுகிறது. நள்ளிரவில் வந்து நிற்கும் லாரிகளின்மேல் தார்ப்பாய்கள் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும், தொட்டியத்து வாழைத்தாரும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறிகளும் நனையுமுன் மண்டிக்குள் சேர வேண்டுமே என்ற பரபரப்பு மூட்டை தூக்கும் தொழிலாளரிடம் தென்படுகிறது. பொழுது விடிந்ததும் பையுடன் வரும் குடும்பத் தலைவியரும், "நான்கு நாள் அடைமழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?" என்று எண்ணி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் பருப்பும் சற்றுக் கூடுதலாகவே வாங்குகின்றனர். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் மறவாமல் அந்தப் பையில் இடம்பெறுகின்றன. இது நம் முன்னோர் நமக்குப் பழக்கிவைத்த முன்யோசனை, பாராட்டத்தக்கது.

ஆயினும் அந்தப் பையில் பெரும்பாலும் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. அரிசி நம் பசியைத் தீர்க்கும்; மெழுகுவத்தி இருளைப் போக்கும். ஆனால் மின்சாரம் நின்று, கைப்பேசியும் மௌனமாகிவிட்ட இரவில், "புயல் எங்கே வருகிறது? ஆற்றில் எவ்வளவு தண்ணீர்? நாம் வீட்டிலேயே இருப்பதா, வெளியேறுவதா?" என்ற கேள்விகளுக்கு விடை சொல்வது எது? பேட்டரியில் இயங்கும் ஓர் எளிய வானொலிப் பெட்டியே என்பது நம் கருத்து. அத்தகைய பெட்டி ஒன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு காத்துவைப்பது என்பதைக் குறித்தே இம்மாதம் எழுத விழைகிறோம்.

"வானொலியா? அது தாத்தா காலத்துப் பொருள் அல்லவா?" என்று இளைஞர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது உண்மையே. அன்று கூடத்தின் நடுவே மேசைவிரிப்பின்மேல் கொலுவீற்றிருந்த பெட்டி இன்று பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. ஆனால், ஒரு பொருள் பழையது என்பதனாலேயே பயனற்றது ஆகிவிடாது. பேரிடர் வேளையில் புதியவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துபோக, பழையதே பேசிக்கொண்டிருக்கும் விந்தையை நம் நாடு பலமுறை கண்டிருக்கிறது.

1977 கற்பித்த பாடம்

1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கடும்புயல் ஒன்று கரையைக் கடந்தது. கடற்கரையோடு அதன் சீற்றம் அடங்கிவிடவில்லை. அன்று காலையிலேயே தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி ஆகிய உள்நாட்டுப் பகுதிகளிலும் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அப்புயலில் 560 பேர் உயிரிழந்தனர். பத்து லட்சம் மக்கள் வீடிழந்தனர். திருச்சியிலோ காற்றோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. கோரையாறு, குடமுருட்டி முதலிய ஆறுகள் பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தன. புயலென்பது கடலோர மக்களின் துன்பம் மட்டுமே என்று எண்ணியிருந்த நம் நகரத்தார், கடலுக்கு நெடுந்தொலைவில் இருப்பது ஒரு காப்பு ஆகாது என்பதை அன்று அறிந்துகொண்டனர்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் வரும் வெள்ளம் இருவகைப்பட்டது. முதலாவது காவிரியில் வருவது. மேட்டூர் அணையில் திறக்கப்படும் நீர் அளந்தே திறக்கப்படுகிறது. அது முக்கொம்பை வந்தடையப் பல மணி நேரம் ஆகிறது. ஆதலால் முன்கூட்டியே அறிவிப்புச் செய்ய இயலும். 2018 ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் ஓடியதையும், போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்ததையும், அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்ததையும் நாம் மறக்கவில்லை. எனினும் நீர்வரத்து முன்னதாகவே அறிவிக்கப்பட்டு வந்தமையால், கரையோரத்தில் தாழ்ந்த இடங்களில் வாழ்ந்தோர் மேட்டுக்குச் செல்ல அவகாசம் இருந்தது.

இரண்டாவது வகை, காட்டாறுகளில் வருவது. நகருக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள மேட்டு நிலங்களில் ஓரிரவு கொட்டிய மழை, சில மணி நேரத்துக்குள்ளாகவே நம் தெருமுனைக்கு வந்து நிற்கும். அதற்கு அணையில்லை, மதகில்லை, ஆகவே அளந்து சொல்ல நெடிய அவகாசமும் இல்லை. இவ்வகை வெள்ளத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிடைக்கும் செய்தி ஓர் உயிரின் விலை பெறும். படுக்கையில் கிடக்கும் பாட்டியை மாடிக்குத் தூக்கிச் செல்லவும், குழந்தைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பவும், ரேஷன் அட்டையையும் பள்ளிச் சான்றிதழ்களையும் எடுத்து வைக்கவும் அந்த ஒரு மணி நேரமே போதும். அது கிடைக்காவிடில் எத்தனை மூட்டை அரிசி இருந்தும் பயனில்லை.

கைப்பேசி போதாதா?

"செய்தியெல்லாம் கைப்பேசியிலேயே வருகிறதே" என்பது பலரும் கூறும் மறுப்பு. இதற்குச் சற்று விரிவாக விடை கூறுவது தகும்.

கைப்பேசி தானாகப் பேசுவதில்லை. அதற்கு அருகே ஒரு கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்தின் அடியிலுள்ள பேட்டரிகள் சில மணி நேரம் தாங்கும். பின்னர் டீசல் இயந்திரம் ஓடவேண்டும். சாலையில் வெள்ளம் நிற்கையில் டீசல் கொண்டுவருவார் யார்? போதாக்குறைக்கு, ஆபத்து வேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முற்படுவதால், இயங்கும் கோபுரமும் திணறிவிடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாளும் அதற்கடுத்த நாள்களிலும் சென்னை வெள்ளத்தில் நடந்தது இதுவே. பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. 1878ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழே 2015 டிசம்பர் 2ஆம் நாள் சென்னையில் அச்சாகவில்லை என்றால், நிலைமையின் கடுமையை நாம் உணரலாம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலைக் காவிரிப் படுகை மக்கள் மறக்க மாட்டார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை. தொலைக்காட்சி ஊமையாயிற்று; கைப்பேசியை உயிர்ப்பிக்க வழியின்றி மக்கள் தவித்தனர்.

வானொலியின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. ஒரே ஓர் ஒலிபரப்பி, தனக்கென மின்னாக்கி வைத்துக்கொண்டு, தொலைவில் நின்று பேசுகிறது. கேட்போர் பத்துப் பேராயினும் பத்து லட்சம் பேராயினும் அதற்குச் சுமை ஒன்றே. இடையில் கம்பியில்லை, தெருவுக்கு ஒரு கோபுரம் வேண்டுவதில்லை. கேட்பவரிடம் இரண்டு பென்சில் பேட்டரிகள் இருந்தால் போதும். 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, விஞ்ஞானத்தில் முதலிடம் வகிக்கும் அந்நாட்டிலேயே, பாதிக்கப்பட்ட பல ஊர்களில் தற்காலிகப் பண்பலை நிலையங்களை அமைத்து, எங்கே குடிநீர் கிடைக்கும், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள் என்று அறிவித்தனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

இதனால் கைப்பேசியை நாம் பழிக்கவில்லை. ஆபத்துக்கு முன் அது நல்ல துணையே. ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே கணத்தில் அலறச் செய்யும் எச்சரிக்கை முறையை இந்திய அரசு 2023ஆம் ஆண்டு பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்தது. அது போற்றத்தக்க முயற்சி. எனினும் அதுவும் கோபுரம் உயிரோடிருக்கும் வரையில்தான். அதே ஆண்டு ஏப்ரலில், கைப்பேசிகளில் உள்ள பண்பலை வானொலி வசதியை முடக்கிவைக்க வேண்டாம் என்று மைய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை வழங்கியது. பேரிடர்க் காலப் பயனை அதற்கு ஒரு காரணமாகவும் காட்டியது. ஆகவே அரசும் கைப்பேசிக்குள் வானொலியைத் தேடுகிறது என்பது தெளிவு. உங்கள் கைப்பேசியில் அவ்வசதி இருந்தால் நல்லதே. அதற்குக் காதில் மாட்டும் கம்பி வேண்டும், ஏனெனில் அக்கம்பியே அலைவாங்கியாகவும் பயன்படுகிறது என்பதை நினைவில் கொள்க. ஆனால் கைப்பேசியின் பேட்டரியை அவசரப் பேச்சுக்குச் சேமித்து, செய்தி கேட்க வேறொரு பெட்டி வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

வதந்திக்கு மருந்து

வெள்ளத்தைவிட வேகமாகப் பரவுவது வதந்தி. "அணை உடைந்துவிட்டதாம்" என்ற ஒரு சொல் மார்க்கெட்டின் ஒரு வாயிலில் புகுந்தால் மறு வாயிலை அடையுமுன் நான்கு அணைகளை உடைத்துவிடும். ஓடுகிறவர்கள் விழுகிறார்கள், விழுந்தவர்கள் மிதிபடுகிறார்கள், அரிசியும் பாலும் இரு மடங்கு விலைக்குப் போகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நான்காம் நாள், அதாவது டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை அரசிடமிருந்தே வெளிவந்து, கடலோர ஊர்களில் மக்கள் அலறியடித்து ஓடினர். அலை வரவில்லை. எச்சரிக்கை பிழைபடவும் கூடும் என்பதற்கு இது சான்று. அத்தகைய வேளையில், திருத்தமும் மறுப்பும் எந்த வாயிலிருந்து வரும் என்று மக்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அந்த வாய்க்கு நம்பிக்கை என்னும் முதலீடு முன்னரே இருக்கவேண்டும். 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் அத்தகைய நம்பிக்கையை ஈட்டிய ஒன்று. 1960களில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் வகையைப் பற்றித் தஞ்சை மாவட்ட உழவர்கள் அதன் வாயிலாகக் கேட்டறிந்து பயிரிட்டார்கள். அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. உழவர் தம் வயலையே ஒரு குரலை நம்பி ஒப்படைத்தார்கள் என்றால், அந்தக் குரலின் மதிப்பை வேறு எவ்வாறு அளப்பது? பழகாத குரலை ஆபத்தில் யாரும் நம்புவதில்லை. எனவே பெட்டியை வாங்குவது மட்டுமன்று, நல்ல நாளிலேயே அதைக் கேட்டுப் பழகுவதும் வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பார்க்கவேண்டியது அலைவரிசை. வானொலி அலைகள் நமக்குப் பயன்படும் வகையில் இரண்டு. மத்திய அலை நிலத்தையொட்டி நெடுந்தொலைவு செல்லும். ஆனால் இரைச்சல் மிகுதி, இரவில் தொலைதூர நிலையங்களும் குறுக்கிடும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்பலையோ தெளிவானது, ஆனால் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் குறைந்த தொலைவே எட்டும். உயரமான இடத்திலிருந்து ஒலிபரப்பினால் அதன் எல்லை விரியும். மலையுச்சியிலுள்ள கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகா ஹெர்ட்ஸில், சமவெளி மாவட்டங்கள் பலவற்றிலும் கேட்பது இதனால்தான். திருச்சி வானொலியின் மத்திய அலை எண்ணாக நெடுங்காலம் அறியப்பட்டது 936 கிலோ ஹெர்ட்ஸ். அதன் பண்பலை எண் 102.1 மெகா ஹெர்ட்ஸ். நாட்டில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டு வருகின்றன. ஆகையால் இரண்டு அலைகளும் உள்ள பெட்டியை வாங்குங்கள். ஒன்று ஓய்ந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். கடையில் பணம் கொடுக்குமுன் பெட்டியை இயக்கி, இவ்விரண்டு நிலையங்களும் தெளிவாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்தபின், கதவு சன்னல்களை மூடிக்கொண்டு மீண்டும் பாருங்கள்.

இரண்டாவது, பெட்டியின் உணவு. அதாவது எதில் இயங்குகிறது என்பது. உள்ளேயே பொதிந்த பேட்டரியை மின்சாரத்தில் ஏற்றிக்கொள்ளும் பெட்டி மட்டும் போதாது. மின்சாரம் இல்லாதபோது அதுவும் பட்டினி கிடக்கும். தெருமுனைப் பெட்டிக்கடையில் எந்த நேரமும் கிடைக்கும் சாதாரணப் பேட்டரியைப் போட்டு இயக்கக்கூடிய பெட்டியே முதன்மையானது. டார்ச் விளக்கும் வானொலியும் ஒரே அளவுப் பேட்டரியில் இயங்குமாறு தெரிந்தெடுத்தால் இன்னும் நலம். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்கு உதவும்.

கையால் கைப்பிடியைச் சுழற்றி மின்னூட்டும் பெட்டிகளும் கிடைக்கின்றன. இவற்றின் பின்னே ஒரு நல்ல மனத்தின் கதை இருக்கிறது. டிரெவர் பேய்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1991ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். நோய்த்தடுப்புச் செய்தியை வானொலி வழியே சொல்லலாம். ஆனால் ஏழை மக்களுக்கு மின்சாரமும் இல்லை, பேட்டரி வாங்கப் பணமும் இல்லை என்பதை அறிந்து, சாவி கொடுத்தால் பாடும் வானொலியை அவர் உருவாக்கினார். பின்னர் அது தென்னாப்பிரிக்காவில் மாற்றுத்திறனாளிகளும் பணிபுரிந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அத்தகைய பெட்டி ஒரு நல்ல இரண்டாம் துணை. ஆனால் விலை மலிந்தவற்றில் கைப்பிடி சில நாளிலேயே கழன்றுவிடுவதும் உண்டு. ஒரு நிமிடம் சுழற்றினால் எத்தனை நிமிடம் பேசுகிறது என்று கடைக்காரர் முன்னிலையிலேயே கடிகாரம் பார்த்துச் சோதியுங்கள். மேலே பதித்துள்ள உள்ளங்கையளவு சூரியத் தகட்டை அதிகம் நம்பவேண்டாம். புயல் நாளில் சூரியன் தலைகாட்டுவதில்லை. வெயில் நாளிலும் அது ஊட்டும் மின்சாரம் சிறிதளவே.

மூன்றாவது, குரல். தீப்பெட்டி அளவுள்ள பெட்டி சட்டைப்பையில் அடங்கும். ஆனால் தகரக் கூரையின்மேல் மழை அடிக்கும்போது அதன் குரல் எடுபடாது. செவி மந்தமான பெரியவருக்கும் கேட்கும்படியான ஒலிபெருக்கி இருத்தல் வேண்டும். பொத்தான்கள் பலவாயின் குழப்பமும் பலவாகும். ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு, நிலையம் மாற்ற ஒரு திருகு, அலை மாற்ற ஒரு விசை ஆகிய மூன்றும் இருளில் தடவியே அறியக்கூடியவையாக இருந்தால் அதுவே சிறந்த பெட்டி. பண்பலைக்கு நீட்டும் கம்பி உறுதியானதா என்றும் பாருங்கள். மத்திய அலைக்கு அக்கம்பி பயன்படாது. அதற்கான அலைவாங்கி பெட்டிக்குள்ளேயே கிடக்கும் ஒரு கோல். ஆதலால் ஒலி மங்கினால் பெட்டியையே மெல்லத் திருப்பி வைத்துப் பாருங்கள்; சட்டெனத் தெளியும்.

நான்காவது, தேவையற்றதற்குப் பணம் கொடாதீர்கள். 'பேரிடர் வானொலி' என்று பெயரிட்டு விற்கப்படும் அயல்நாட்டுப் பெட்டிகள் சிலவற்றில் 'வானிலை அலைவரிசை' என்று தனியே குறித்திருப்பார்கள். அது அமெரிக்க நாட்டில், 162 மெகா ஹெர்ட்ஸை ஒட்டிய ஏழு அலைவரிசைகளில், அந்நாட்டு வானிலைத் துறை இடைவிடாது செய்யும் ஒலிபரப்புக்காக அமைந்தது. நம் நாட்டில் அதைத் திருப்பினால் இரைச்சல்தான் கேட்கும். அதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலை வீண். அவ்வாறே, இருவழியும் பேசும் கம்பியில்லாக் கருவிகளை விளையாட்டாக வாங்கவேண்டாம். அவற்றைப் பயன்படுத்த அரசு விதிகள் உள்ளன. தேர்வெழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி அன்பர்கள் 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்பி அருந்தொண்டு ஆற்றினர். அது கற்றுத் தேர்ந்தவர் பணி. ஆர்வமுள்ள இளைஞர் முறைப்படி கற்கலாம். இல்லத்துக்கு வேண்டியது கேட்கும் பெட்டி ஒன்றே.

வாங்கியபின்

பெட்டியை வாங்கிவிட்டோம் என்று நிறைவடைந்து அலமாரியில் பூட்டி வைத்தால், தேவைப்படும் நாளில் அது பேசாது. பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்து, பித்தளைத் தகடுகளை அரித்துவிட்டிருக்கும். ஆகவே நாள்தோறும் கேளாத வீட்டில் பேட்டரியைக் கழற்றி, பெட்டியுடனேயே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு, நீர் எட்டாத உயரத்தில் வையுங்கள். பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். மாற்றாக ஒரு தொகுதி பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.

வீட்டிலுள்ள ஒருவருக்கு இதைப் பொறுப்பாகக் கொடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையே இதற்குச் சாலப் பொருத்தமானவர் என்பது நம் எண்ணம். மாதத்தின் முதல் ஞாயிறன்று பெட்டியை எடுத்து, பேட்டரி போட்டு, இரு நிலையங்களையும் திருப்பிக் கேட்டுவிட்டு வைக்கட்டும். நிலையம் நிற்கும் இடத்தில் முள்ளுக்கு நேராக நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாத பாட்டியும் டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

புயல் வரும்போது நாள் முழுதும் பெட்டியைப் பாடவிட்டு பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். செய்தி நேரத்தில் திருப்பி, கேட்டு, நிறுத்திவிடுங்கள். கேட்டதை ஒரு தாளில் நேரத்துடன் எழுதுங்கள்: புயலின் இடம், கரையைக் கடக்கும் இடமும் நேரமும், நம் மாவட்டத்துக்குக் குறித்த நிறம். மஞ்சள் என்றால் கவனமாயிருத்தல். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாதல். சிவப்பு என்றால் உடனே செயற்படல். காற்று திடீரென நின்று வானம் வெளிவாங்கினால், புயல் முடிந்தது என்று எண்ணி வெளியே போகாதீர்கள். புயலின் கண் நம்மைக் கடக்கும்போது அவ்வாறு அமைதி தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று முன்னிலும் வேகமாக வீசத் தொடங்கும். கடந்துவிட்டது என்று வானொலி அறிவித்த பின்னரே கதவைத் திறவுங்கள். தொலைபேசி இயங்குமாயின், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்ற எண்களையும் அதே தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள்.

வானொலி எல்லாம் சொல்லிவிடாது என்பதையும் கூறுவது நேர்மை. உங்கள் சந்தில் சாக்கடை பொங்குவதை அது அறியாது. உய்யக்கொண்டான் வாய்க்கால் உங்கள் பாலத்தடியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை உங்கள் கண்ணே பார்க்கவேண்டும். தண்ணீர் படியேறினால் அறிவிப்புக்காகக் காத்திராமல் வெளியேறுங்கள். காதும் கண்ணும் சேர்ந்தே காவல்.

ஒரு வீட்டுக்கன்று, ஒரு தெருவுக்கு

இறுதியாக, நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. வானொலி மலிவான பொருள். சில நூறு ரூபாய்க்கே நல்ல பெட்டி கிடைக்கிறது. ஆயினும் அந்தச் சில நூறு ரூபாயும் அரிதாக உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மார்க்கெட் பகுதியில் இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, கடை வாசலிலேயே சாக்கு விரித்துப் படுத்துறங்கும் தொழிலாளி எந்தச் செய்தியைக் கேட்பார்? வெளியூரிலிருந்து சுமையேற்றி வந்து, இந்நகரின் மேடுபள்ளம் அறியாமல் லாரிக்குள் கண்ணயர்ந்திருக்கும் ஓட்டுநர் யாரைக் கேட்பார்? தனியே வாழும் முதியவர், காது கேளாதவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிய கதவுக்குள் இருக்கும் தாய், இவர்களுக்கெல்லாம் சொல்வார் யார்? வெள்ளம் முதலில் தீண்டுவது தரையில் படுத்திருப்பவரைத்தான்.

ஒரு காலத்தில் நம் சிற்றூர்களில் ஊராட்சி வானொலி அறை இருந்தது. மாலையில் செய்தி வேளையில் ஒலிபெருக்கி முழங்கும். வீட்டில் பெட்டி இல்லாதவரும் திண்ணையில் அமர்ந்து கேட்பார்கள். ஒரு பெட்டி ஓர் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பழக்கத்தை நாம் மீட்கலாம். மார்க்கெட்டில் வணிகர் சங்கத்தார் தத்தம் வரிசைக்கு ஒரு பெட்டியும், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி ஒன்றும் வைத்துக்கொண்டால், நள்ளிரவிலும் உறங்குவோரை எழுப்பிவிட இயலும். தெருவில் வாழ்வோர், செய்தி கேட்டால் எந்தெந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று மழைக்கு முன்பே பேசி முடிவுசெய்து கொள்ளலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது கூடிப் பேசினால் போதும்.

எனவே அன்பர்களே, அடுத்த மழைக்குமுன் மூன்று செயல்களை முடித்துவிடுவோம். பரணிலுள்ள பழைய பெட்டியை இறக்கி, தூசி தட்டி, பேட்டரி போட்டுப் பார்ப்போம். அது பேசினால் புதிது வாங்கவேண்டியதே இல்லை. பேசாவிடில், மேலே கூறியவற்றை மனத்தில் கொண்டு எளிய பெட்டி ஒன்றை வாங்குவோம். மூன்றாவதாக, நம் வீட்டுக்கு இருபுறமும் உள்ள வீடுகளில் யாரை எழுப்பவேண்டும் என்பதைக் குறித்து வைப்போம். அக்குறிப்பை வானொலிப் பெட்டியின் அடியிலேயே ஒட்டி வையுங்கள். செய்தி வந்த இரவில் பெட்டியைக் கையில் எடுப்பவர் அதையும் கண்டுகொள்வார்.